லண்டனுக்கு எழுதிய கடிதங்களும் ஒரு பெட்டிசமும்

எழுபதுகளின் நடுப்பகுதியில் பிரித்தானியாவை நான்தான் ஆண்டுகொண்டிருந்தேன். இது அந்த நாட்டுக்காரர் யாருக்கும் தெரியாது. மெல்பேர்ணில், கிளேட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வாடகை வீட்டிலிருந்து இந்த ஆட்சி நடந்தது. பகலில் எனக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் கீறுகிற வேலை. லண்டனுக்கு நான் போனதே இல்லை. விமானம் மாறக்கூட அங்கே இறங்கியதில்லை.

சனிக்கிழமை காலையில் ரயிலேறி நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போவேன். விமானத் தபாலில் வரும் லண்டன் பத்திரிகை நாலைந்து நாள் பிந்தி அங்கே வந்து சேரும். வெங்காயத் தோல் மாதிரித் தாள். ஒரு பக்கத்தைப் படிக்கும்போது மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம், தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் மின்சாரம், ஒரே வருடத்தில் இரண்டு பொதுத்தேர்தல் என்று அங்கே நடந்த அத்தனைக்கும் என்னிடம் தயாராக அபிப்பிராயம் இருந்தது. எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்பின் ஒரு பக்கம் மூன்று கிழமையாகப் பற்றவில்லை. அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தேன். அந்தக் காலத்து அவுஸ்திரேலியச் சட்டப்படி, இலங்கையிலிருந்து வந்த எங்களையும் பிரித்தானியப் பிரஜைகள் என்றே கணக்கெடுத்தார்கள். ஆறு மாதம் இங்கே குடியிருந்தால் வாக்குப் போடவும் விட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. நான் பிறந்தபோது வெள்ளைக்காரன் எங்கள் ஊரை ஆண்டான், இப்போது நான் அவனுக்குப் புத்தி சொல்லப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "முதல்ல அடுப்புக்காரனுக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

பேச்சுச் சுதந்திரம்தான் என் முக்கியமான பாடம். லண்டன் பூங்காவில் எவனும் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று அரசியையே திட்டலாம், பக்கத்தில் நிற்கிற பொலிஸ்காரன் கொட்டாவி விடுவான், அதுதான் நாகரிகம் என்பேன். ஆனால் அதே அரசாங்கம் வட அயர்லாந்தில் ஆட்களைப் பிடித்து விசாரணை இல்லாமல் அடைத்து வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குற்றம் என்னவென்று சொல்லாமல் ஒரு மனிதனை ஒரு நாள் அடைத்து வைத்தாலும், அந்த நாட்டில் வெளியே நடமாடுகிற அத்தனை பேரும் பாதிச் சிறையில் இருக்கிறார்கள் என்று அந்தப் பத்திரிகைக்கு மூன்று பக்கம் எழுதினேன். கீழே முழுப்பெயர், பட்டம், பதவி, வீட்டு விலாசம் எல்லாம் போட்டேன். அவர்கள் அதை நாலு வரியாக வெட்டிப் போட்டார்கள். நகரத்துக் கடையில் சொல்லிவைத்து அதில் மூன்று பிரதி வாங்கினேன். ஒன்று பணப்பையில், ஒன்று கந்தோர் மேசை லாச்சியில், ஒன்று ஊருக்கு அப்பாவுக்கு.

அப்போது எங்கள் பக்கத்தில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்து ஒரு வீட்டில் கூடுவோம். ஊரிலிருந்து பார்சலில் வந்த மிளகாய்த்தூளில் கோழிக்கறி, சோறு, பருப்பு. சாப்பிட்டு முடிந்ததும் ஆண்கள் கதிரைகளில் சாய்வார்கள். நான் பணப்பையைத் திறப்பேன். அந்த நாலு வரியைக் கேட்டுக் கேட்டே இரண்டு பேர் குறட்டை விடப் பழகியிருந்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு என்மேல் ஒரு மதிப்பு இருந்தது. லண்டன் பத்திரிகையே போட்ட ஆள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவார்கள்.

எழுபத்தைந்தாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு சனி பின்னேரம் ஒரு பெண் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக் கூட்டங்களில் மனைவியோடு குசினியில் நின்று கதைப்பாளே தவிர, என்னோடு பேசியதில்லை. வேலை உடுப்போடு நேராக வந்திருந்தாள். கைப்பைக்குள்ளிருந்து மடித்த கடுதாசி ஒன்றை எடுத்தாள்.

"அண்ணை, என்ர தம்பியை ஊரில பிடிச்சு வைச்சிருக்கினம். பதினொரு மாசமாச்சு. ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. கோட்டுக்கும் கொண்டுபோகேல்லை. அவசரகாலச் சட்டமாம்."

தம்பிக்கு இருபது வயது. யாரோ சுவரொட்டி ஒட்டிய இரவுக்கு அடுத்த நாள், வீதியில் நின்ற ஐந்து பேரோடு சேர்த்து அவனையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கையெழுத்து வைத்துக் கொழும்பில் அமைச்சருக்கு ஒரு மனு அனுப்பினால், வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பயம் வரும், விடாவிட்டாலும் நீதிமன்றத்துக்காவது கொண்டுவருவார்கள் என்று அவளுக்கு யாரோ எழுதியிருந்தார்கள். மனுவை அவளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பத்து வரி.

"உங்களிட்டைத்தான் முதல் வந்தனான். உந்தச் சட்ட விசயமெல்லாம் அண்ணைக்குத்தான் தெரியுமெண்டு எல்லாரும் சொல்லுகினம். ஒருக்கால் பாத்துத் திருத்தித் தாங்கோ."

எனக்குச் சந்தோசமாக இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதிவிட வேண்டும். ஒரு பெண்ணின் தம்பி மறியலில் அடைபட்டுக் கிடக்கிறான், எனக்கோ எழுத ஒரு விசயம் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து தட்டச்சு அடித்தேன். ஆட்கொணர்வு உரிமையின் வரலாறு, பிரித்தானியர் எங்களுக்கு விட்டுப்போன நீதிமுறையின் பெருமை, அயர்லாந்து பற்றி நான் ஏற்கெனவே எழுதியது, எல்லாவற்றையும் அதற்குள் இறக்கினேன். பத்து வரி மூன்று பக்கமாக வளர்ந்தது. திங்கட்கிழமை பின்னேரம் அவள் வந்து, நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"தம்பியின்ர பேர் நாலாவது பந்தியிலதான் வருது, அண்ணை."

"முதல்ல கொள்கை, பிறகுதான் ஆள்" என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். பிறகு பேனையை எடுத்து என் பக்கம் நீட்டினாள். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்துக்கு நான்தான் அடிமட்டம் வைத்து வரிவரியாகக் கோடு போட்டிருந்தேன். எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. படித்த ஆள் என்று பெயரெடுத்தவர் முதல் வரியில் வைப்பார், மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு வைப்பார்கள். இன்னொரு முறையும் எங்களிடம் உண்டு. யாரைப் பற்றியும் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுவோம், கீழே பெயருக்குப் பதில் "நலன்விரும்பி" என்று போடுவோம். தபால் அதிபரிலிருந்து பள்ளிக்கூட அதிபர் வரை, எங்கள் பக்கத்தில் நலன்விரும்பி ஒருவனால் வேலை போகாதவர்கள் குறைவு. அந்தப் பேனையைப் பார்த்த கணத்தில் நானும் அந்த ஊரான்தான் என்பது எனக்கு உறைத்தது.

லண்டனுக்கு எழுதினால் லண்டனால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. இது அப்படியல்ல. மனுவின் பிரதி ஒன்று கன்பராவிலிருந்த எங்கள் நாட்டு உயர்ஸ்தானிகராலயத்துக்கும் போகும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க நான் அங்கேதான் அனுப்ப வேண்டும். ஊரில் அண்ணன் அரசாங்க உத்தியோகம், தங்கச்சி ஆசிரியை. என்னுடைய அவுஸ்திரேலியக் குடியுரிமை விண்ணப்பமும் அப்போதுதான் போட்டபடி. இத்தனையும் ஒரு நொடியில் என் மூளையில் வரிசையாக வந்து நின்றன. அயர்லாந்துக்காரருக்காக எழுதியபோது இவற்றில் ஒன்றாவது எட்டிப் பார்க்கவில்லை.

பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதில் ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"மேல் வரியை எனக்கு விட்டு வையுங்கோ. மற்றவை எல்லாரும் போட்டாப் பிறகு நான் கடைசியாப் போடுறன். அதுதான் முறை."

தேத்தண்ணீர் கொண்டுவந்த மனைவி அங்கேயே நின்றாள். "அப்ப நான் போடட்டே?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்போட்" என்றேன். உண்மையும் அதுதான். அந்த நாளில் கணவனும் மனைவியும் ஒரே கடவுச்சீட்டில் வரலாம், நாங்கள் அப்படித்தான் வந்திருந்தோம். பேச்சுச் சுதந்திரத்தின் காவலன் தன் வீட்டுப் பெண்ணின் வாயை மூடியது இப்படித்தான். அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தாதிப்பெண் இரண்டு வாரமும் தன் ஓய்வு நாட்களில் பஸ்சிலும் ரயிலிலும் ஏறி இறங்கி மற்ற ஏழு வீடுகளுக்கும் போனாள். மூன்றாவது ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கடுதாசியை மேசையில் விரித்தாள். நான் போட்ட கோடுகள் அப்படியே வெறுமையாகக் கிடந்தன.

"மேல எழுதாமல் கிடக்கே, ஆருக்கெண்டு கேட்டினம். அண்ணைக்கு எண்டனான். அப்ப அவர் போட்டாப் பிறகு வாங்கோ எண்டினம். ஏழு வீட்டிலயும் அதுதான் சொன்னவை."

சட்டம் தெரிந்த மனுசனே வைக்கவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் யோசித்திருக்கிறார்கள். மூன்று வருடமாக ஞாயிறு தோறும் நான் பேசியதில் ஒரு சொல்லையும் காதில் போடாதவர்கள், நான் பேசாமல் விட்ட ஒன்றை மட்டும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சபை முழுவதும் என் கருத்துக்கு உடன்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் வந்த பிறகும் என் கை பேனையை எடுக்கவில்லை.

"குடியுரிமை கிடைக்கட்டும், பிள்ளை. கொஞ்ச மாசம்தான். அதுக்குப் பிறகு நானே தனியா ஒரு கடிதம் எழுதுறன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அதற்கு ஏதாவது பதில் சொல்லித் தப்பியிருப்பேன். என் மேசையிலேயே குனிந்து, இரண்டாவது வரியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தாள். மேல் வரியை விட்டபடியே விட்டாள். "மெல்பேர்ணில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாங்கள்" என்று தொடங்குகிற மூன்று பக்க மனு அந்த ஒற்றைக் கையெழுத்தோடு கொழும்புக்குப் போனது. "போயிட்டு வாறன் அக்கா" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் போனாள்.

அதன் பிறகு நான் அவளைக் காணாமலிருப்பதில் கவனமாக இருந்தேன். ஞாயிற்றுக் கூட்டத்துக்கு அவள் வந்தால், எந்த வீடென்றாலும் அந்த வீட்டுப் பின்வளவில் தக்காளி பார்க்கப் போய்விடுவேன். தக்காளி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வருடக் கடைசியில் கன்பராவில் அரசியின் பிரதிநிதி ஒரே மத்தியானத்தில் அவுஸ்திரேலியப் பிரதமரை வீட்டுக்கு அனுப்பினார். கந்தோர் முழுக்கக் கொதித்தது. என் மேசைக்கு எதிரே இருந்த வெள்ளைக்காரன் கண்ணீர் விட்டான். ஏனென்றுகூடக் கேட்காமல் நான் அந்த நேரம் பிரபுக்கள் சபையை ஒழிக்க வேண்டும் என்று லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் குடியிருக்கிற நாட்டின் அரசாங்கம் கவிழ்ந்த செய்தியைப் பின்னேரம் பால் வாங்கப் போன மில்க் பாரில்தான் கேள்விப்பட்டேன்.

குடியுரிமை வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. நகரசபை மண்டபத்தில் அரசிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்தேன். மேயர் கைகொடுத்தார். கேக்கும் தேத்தண்ணீரும் தந்து, சின்னத் தகரப் பேணியில் ஒரு யூகலிப்டஸ் கன்றும் தந்து அனுப்பினார்கள். இனி எவனும் என்னைத் தொட முடியாது. அடுத்த நாள் காலையிலேயே தட்டச்சுப் பொறியை எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

இந்த முறை கடிதம் ஒரு பக்கம்தான். அந்தப் பையனின் பெயர் முதல் வரியிலேயே வந்தது. குற்றத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று கொழும்பு அமைச்சருக்கு நேராக எழுதினேன். கீழே முழுப்பெயர், விலாசம், அவுஸ்திரேலியக் குடிமகன் என்ற பட்டம், பெரிய கையெழுத்து. நான் எழுதியவற்றில் நல்ல கடிதம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். மை காயும் முன்னே அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

முடியும்வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். கத்தியை வைத்துவிட்டுச் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"அந்தப் பொடியனை வெளியில விட்டு அஞ்சு மாசமாச்சு. ஒரு காது இப்ப கேளாதாம். வீட்டிலதான் இருக்கிறான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே" என்றாள்.