ஆத்தாவின் தலைத்துணியும் நனைந்த கோப்பியும்

வெயிலில் காயும் கோப்பிக் கொட்டைக்குக் கோப்பியின் மணம் கிடையாது. ஊறவைத்து மறந்துபோன பயறு புளித்தால் வருகிற வாடைதான் வரும். அதோடு சுடுகிற சுண்ணாம்புத் தரையின் நெடியும் சேர்ந்துகொள்ளும். கண்டியில் படித்து, இன்று வைத்தியசாலையில் மருந்து கலக்கும் வேலை பார்க்கிற எனக்கு எத்தனையோ போத்தல்களின் நாற்றம் பழகிவிட்டது. அந்த ஒரு வாடை மட்டும் நினைத்தாலே போதும், இடது கண்ணுக்குப் பின்னால் ஏதோ ஒரு நரம்பு சுண்டத் தொடங்கிவிடும்.

புசல்லாவைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில், தோல் உரித்துத் தொட்டியில் கழுவிய கோப்பியைக் காயவைப்பதற்காக ஸ்டோருக்கு முன்னால் வெள்ளை பூசிய பெரிய களம் ஒன்று இருந்தது. பெண்கள் வரிசையாகக் காலால் கொட்டையைத் துழாவிக்கொண்டே அதில் நடக்கவேண்டும். மதிய வேளையில் வெயில் தலைக்கு மேலிருந்தும் விழும், காலுக்குக் கீழிருந்தும் கிளம்பி முகத்தில் அடிக்கும். ஒற்றைத் தலைவலி உள்ள ஒருத்திக்கு அதைவிடக் கொடிய இடத்தை யாரும் யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. என் ஆத்தா செல்லாயிக்கு அங்கேதான் வேலை. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டதால், அவள் களத்தில் நின்றால்தான் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் எங்கள் அறையில் அடுப்பு எரியும்.

வலி வரும்போது ஆத்தா செய்வது ஒன்றே ஒன்றுதான். சேலையில் கிழித்த ஒரு நீலத் துணியை நனைத்து, நெற்றியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, களத்தில் நடப்பாள். எங்கள் லயத்தில் அந்த வலிக்கு "மண்டையிடி" என்று பெயர்.

எனக்கும் அந்த வலி இருந்தது. அது வரும் ஒழுங்கை இப்போது என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்: முதலில் கொட்டாவி, பிறகு காரணமில்லாத கோபம், பிறகு கண்ணுக்குள் ரம்பப்பல் போல மினுங்கும் ஒரு வெளிச்சம், அதன் பிறகுதான் வலி, கடைசியில் வாந்தி. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் ஊருக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்தான். சோற்றுத் தட்டை உதைக்கிறாள், கூப்பிட்டால் கடிக்க வருகிறாள், ஆகவே "அடங்காப்பிடாரி". ஆத்தாவுக்கு வலி வந்த நாட்களிலோ நான் நேர்மாறாக மாறிவிடுவேன். பசிக்கிறது என்று கேட்கமாட்டேன், ஓடமாட்டேன், மூச்சுகூடச் சத்தமில்லாமல் விடுவேன். அன்றைக்கு என்னைப் "பொன்னான புள்ள" என்பார்கள். அது குணமல்ல, பயம். அந்தத் துணிக்குக் கீழே இருக்கிற முகம் திரும்ப எழுந்திருக்குமா என்கிற பயம். என் கெட்ட குணம் என் தலையிலும், நல்ல குணம் ஆத்தாவின் தலையிலும் இருந்ததை அவள் ஒருத்தி மட்டும் அறிந்திருந்தாள். "இவளுக்கு வலி வர்றதுக்கு முன்னாடி கோவம் வரும், பாத்துக்கிட்டே இருங்க, சாயங்காலம் படுத்துருவா" என்று மற்றவர்களிடம் சொல்லுவாள். யாரும் கேட்டதில்லை.

முக்கியமாகக் கேட்காதவள் கணக்கப்பிள்ளையின் மனைவி. ஸ்டோர் பொறுப்பு கணக்கப்பிள்ளையுடையது. ஆனால் மத்தியானத்தில் அவர் மலைக்கு ஏறிவிடுவதால், இந்த அம்மாள் ஸ்டோர் தாழ்வாரத்து நிழலில் கதிரை போட்டு, வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்து களத்தை ஆண்டாள். லயத்தில் அவளுக்கு "வீட்டம்மா" என்று பெயர்.

ஆத்தாவின் வலிக்கும் மழைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலைக்குப் பின்னால் இடிமழை திரண்டால், வானம் கறுக்கும் முன்பே ஆத்தாவின் நெற்றி நரம்பு புடைத்துவிடும். களத்துப் பெண்கள் இதை வெகுகாலமாக அறிவார்கள். நீலத் துணி நெற்றிக்கு ஏறியதும், யாரும் சொல்லாமலே கொட்டையைக் குவித்துச் சாக்கில் அள்ளி ஸ்டோருக்குள் சேர்க்கத் தொடங்குவார்கள். எங்கள் களத்தில் கோப்பி நனைந்ததே இல்லை என்று கணக்கப்பிள்ளை துரையிடம் பெருமை பேசுவார். அந்தப் பெருமை எந்தத் துணியில் இருந்தது என்று அவர் விசாரித்ததில்லை.

வீட்டம்மாவுக்கோ அந்தத் துணி கண்ணில் விழுந்த தூசி. நல்ல வெயில் அடிக்கும்போது துணியைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் குவிக்க வைப்பது வேலை செய்யாமல் இருக்கத் தந்திரம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். ஒருநாள் கதிரையிலிருந்து இறங்கி வந்து, ஆத்தாவின் தலையிலிருந்த துணியைப் பிடுங்கினாள்.

"வலியாவது மண்ணாவது! ஒனக்குத் தலவலியே கெடையாது செல்லாயி, எல்லாம் நடிப்பு. இனிமே இந்தத் துணிய நான் தலையில பாத்தேன், கோப்பி மூட்டைய அதே தலையில ஏத்தி வண்டிப் பாதைக்கு அனுப்பிருவேன். தெரிஞ்சுதா?"

தலைச்சுமை என்றால் ஆத்தாவுக்கு என்ன ஆகும் என்று களத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு அன்று கொட்டாவி வரவில்லை, மினுங்கும் வெளிச்சமும் வரவில்லை; கோபம் மட்டும் வந்தது. பாய்ந்து அவள் கையைக் கடித்தேன். நான்கு பேர் பிடித்துத்தான் என்னைப் பிரித்தார்கள். "பேய் புடிச்ச புள்ள" என்று சொல்லி, மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை விளக்கில் கொளுத்தி, களத்தின் நடுவில், எல்லாரும் பார்க்க, வீட்டம்மா தன் கையாலேயே என் நெற்றியில் சூடு வைத்தாள். ஆத்தா தடுக்க வந்தாள். "மூட்டை தூக்குறியா?" என்று ஒரே கேள்வி. ஆத்தா நின்றுவிட்டாள். அவள் நின்றதற்காக நான் ஒருநாளும் அவள்மேல் கோபப்பட்டதில்லை. அவளை நிற்க வைத்தவள்மேல் பட்ட கோபத்தில் வேறு யாருக்கும் பங்கு கொடுக்க மிச்சம் இருக்கவில்லை.

அதன்பிறகு நீலத் துணி எங்கள் அறைக் கொடியிலேயே தொங்கியது. "வானத்துக்குன்னு இருந்த ஒரே கணக்கப்பிள்ளையையும் சீட்டு கிழிச்சுட்டாங்க" என்று ஆத்தாவுக்குப் பக்கத்தில் நடக்கும் பேச்சி அக்கா முணுமுணுத்தாள். பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

பருவத்தின் கடைசிக் கோப்பி களத்தில் பரந்திருந்த நாள் அது. மறுநாள் காலை கம்பளைக்கு வண்டி போகவேண்டும். துரை தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்தது. நான் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆத்தாவைப் பார்த்தேன், நெற்றி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது, இடது கண் பாதியாகச் சுருங்கியிருந்தது. அவள் மட்டும் தலையை அசைக்காமல் நடந்தாள். பேச்சி அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, முன்பைவிட அழகாகக் கொட்டையைப் பரப்பிவிடத் தொடங்கினாள்.

வீட்டம்மா வானத்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். கதிரையில் அவளால் உட்கார முடியவில்லை. இத்தனை நாளும் அவளும் இரகசியமாக அந்தத் துணியை நம்பித்தான் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆத்தாவிடம் கேட்க வாய் வரவில்லை. என்னிடம் வந்து குனிந்தாள். வெற்றிலை வாடை அடித்தது.

"ஏ புள்ள, ஒங்க ஆத்தாளுக்கு இன்னைக்குத் தலை வலிக்குதா?"

என் நெற்றிப் புண் இன்னும் ஆறவில்லை. நான் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பொன்னான பிள்ளையாகச் சொன்னேன்: "எங்க ஆத்தாளுக்குத் தலவலியே கெடையாதுன்னு நீங்கதானேங்கம்மா சொன்னீங்க."

அவள் நிமிர்ந்தாள்; குவிக்கச் சொன்னால் அந்த வலி மெய்யென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு திரும்பிப்போய்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

மழை மலையைத் தாண்டி விழுந்தபோது யாரும் ஒரு கூடையைக்கூட நிரப்பியிருக்கவில்லை. காய்ந்த கொட்டை முழுவதும் வெள்ளத்தோடு சேர்ந்து களத்தின் சரிவில் உருண்டு, ஓரத்து வடிகாலான கானில் விழுந்து, பள்ளத்து ஓடைக்குப் போனது. வீட்டம்மா செருப்பில்லாமல் களத்துக்கு ஓடிவந்து இரண்டு கையாலும் அள்ளினாள். "அள்ளுங்கடி, அள்ளுங்கடி!" என்று கத்தினாள். நாங்களும் அள்ளினோம். அவசரப்படாமல் அள்ளினோம். எஞ்சியது விடிவதற்குள் ஊறிக் கறுத்துப்போனது. துரை வந்தார், பார்த்தார், அந்த வாரமே கணக்கப்பிள்ளை குடும்பம் பெட்டியோடு தோட்டத்தை விட்டு இறங்கியது. போகும்போது கதிரையை மனைவி தானே தூக்கிக்கொண்டு போனாள், தலைச்சுமையாக.

மழை பெய்த அன்று மாலை, இருட்டு அறையில் ஆத்தா துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்னாடி கேட்டா ஒன்கிட்ட?"

"ஒனக்குத் தலை வலிக்குதான்னு கேட்டாங்க. அவங்க சொன்னதையே அவங்களுக்குச் சொன்னேன்."

ஆத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு பாய் குலுங்கத் தொடங்கியது. தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதடி பாவி, மண்டை தெறிக்குது" என்றாள்.

புதிதாக வந்த கணக்கப்பிள்ளை துணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூட்டைப் பேச்சு அதோடு நின்றது.

இன்று அந்தக் களம் இல்லை. இலையின் அடியில் மஞ்சள் பொடியாகப் படிந்த நோயால் கோப்பி முழுவதும் செத்துப்போன பிறகு, மலை எங்கும் தேயிலை வந்துவிட்டது. வெள்ளைத் தரை வெடித்து, வெடிப்பில் புல் முளைத்திருக்கிறது. ஆத்தாவும் இல்லை. வைத்தியசாலைக்குத் தாய்மார் தூக்கிவரும் பிள்ளைகளில் சிலரை, "பிடிவாதம், சொன்னபடி கேக்காது" என்று சொல்லி என் மேசைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். நான் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் தாயின் இடது கண்ணைப் பார்க்கிறேன். உங்களுக்கும் வலிக்குமா என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்கள் அழுதுவிடுகிறார்கள்.

வலி என்னை விட்டுப் போகவில்லை. ஆத்தாவுக்கு வந்ததுபோலவே இப்போது எனக்கும் மழைக்கு முன் சரியாக வருகிறது. வீட்டம்மா குடும்பம் கெலிஓயாவில் மிளகு காயவைத்து விற்றுப் பிழைப்பதாகக் கேள்வி. கண் ஓரத்தில் அந்த ரம்பப்பல் வெளிச்சம் மினுங்கத் தொடங்கும்போது, நான் கலக்கும் மருந்தைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியே நீல வானத்தைப் பார்த்து, இன்று அவள் முற்றம் நிறைய மிளகு பரப்பியிருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.