கடை டிவியில் மகள் பெயர்

அமெரிக்காவில், ஹூஸ்டனுக்குப் பக்கத்துக் கேட்டி ஊரில் பரோட்டா என்றால் ஜீவரத்தினம்தான். இதை அவரே சொல்லிக்கொள்வார், சொன்னாலும் பொய்யில்லை. தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பேக்கரியில் மாவு பிசைந்து, கப்பலில் சமையல்காரனாகி, ஹூஸ்டனில் அடுத்தவன் ஓட்டலில் தோள்பட்டை கழல மாவை வீசி, கடைசியில் தன் பெயரையே போர்டில் எழுதிக் கடை போட்ட மனிதர். பெரிய படிப்புப் படித்த எண்ணெய்க் கம்பெனி என்ஜினியர்கள் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிடும். கல்லாவில் மனைவி எலிசா. ஒரே மகள் ஷைனா சட்டம் படித்து, வக்கீல் பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டாள். லைசென்ஸ் கைக்கு வர ஒரே ஒரு படிதான் பாக்கி. ஆள் நேர்மையானவளா என்று ஒரு கமிட்டி விசாரிக்கும். அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட ஜீவரத்தினம் கொஞ்ச நாளாகக் கடைக் கதவு திறந்தாலே நடுங்கினார். கல்லில் கிடக்கும் பரோட்டா கருகுவதுகூடத் தெரியாமல் வாசலையே பார்த்தார்.

எல்லாம் சுவரில் மாட்டியிருந்த டிவியால் வந்தது.

அந்தக் கடைக்குக் கூட்டம் சேர்த்தது பாதி பரோட்டா என்றால் பாதி பேஸ்கட்பால். கடைக்கென்றே கேபிள் இணைப்பு வாங்கி வைத்திருந்தார். ஹூஸ்டன் டீம் ஆடும் நாளில் உட்கார இடம் கிடைக்காது. அப்புறம் காலம் மாறியது. டிவி நெட்வொர்க்குகளும் ஸ்ட்ரீமிங் கம்பெனிகளும் மீன் ஏலத்தில் கூவுகிற மாதிரி ஒருவர் தலைமேல் ஒருவர் விலை ஏற்றி, மேட்ச் காட்டும் உரிமையைக் கூறு போட்டுக்கொண்டார்கள். ஒரு மேட்ச் ஒரு ஆப்பில், அடுத்தது வேறு ஆப்பில், மிச்சம் மீதி பழைய சேனலில். ஜீவரத்தினம் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஜனம் பாதிப் பரோட்டாவில் எழுந்து போனது. அவர் கடையிலிருந்து ஆள் எழுந்து போவதா? அதை அவரால் தாங்க முடியவில்லை.

மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உன் அபார்ட்மென்ட்ல எல்லா ஆப்பும் வச்சிருக்கல்ல, அத நம்ம கடை டிவியில போட்டுக் குடு."

"அப்பா, அது ஹவுஸ்ஹோல்ட் பிளான். வீட்டுக்கு மட்டும்தான். கடையில காட்டணும்னா பிசினஸ் லைசென்ஸ் தனியா வாங்கணும்."

"நீ நடை பழகுனது எங்க? அந்தா நிக்கிற ஃப்ரிட்ஜப் புடிச்சுத்தான். ஹோம்வொர்க் பண்ணது மூலை டேபிள்ல. நாம வேற எங்கயாவது உக்காந்து சோறு தின்னுருக்கமா? இது வீடு இல்லாம என்ன?"

"நீங்க ஜட்ஜ்கிட்ட இப்படிப் பேசிப் பாருங்க," என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆனால் எலிசா டிவியில் சர்ச் பூசை பார்ப்பதற்காக ஷைனா முன்பே கொடுத்திருந்த பாஸ்வேர்டு அவர் போனில் இருந்தது. தானே போட்டார். இந்த டிவி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று திரை கேட்டது. 'ஆம்' என்று அமுக்கினார். மனதில் ஒரு துளி உறுத்தல் கிடையாது. மேட்ச் பார்க்கவென்று யாரிடமும் காசு வாங்கவில்லையே. வீட்டு டிவியைப் பார்க்க அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரிதானே?

கூட்டம் திரும்பியது. அவருக்கும் பழைய குரல் திரும்பியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொப்பி போட்ட ஒருவன் தனியாக வந்து கொத்து பரோட்டா சாப்பிட்டான். இந்த மேட்ச் என் வீட்டில் வரவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று மரியாதையாகக் கேட்டான். ஜீவரத்தினம் விடுவாரா? "மை டாட்டர், லாயர். ஹெர் அக்கவுண்ட்," என்று திரையின் மூலையில் இருந்த ஷைனாவின் பெயரையே விரலால் காட்டினார். அவன் புன்னகைத்தான். டிவியைப் போட்டோ எடுத்தான். போகும்போது, கடையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று வாசலில் மாட்டியிருக்கும் போர்டையும் எடுத்துக்கொண்டு போனான்.

இதையெல்லாம் பக்கத்து டேபிளில் இருந்த வாடிக்கைக்காரர் பாலசுப்ரமணியன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த ஆளு யாருன்னு தெரியுமா?"

"யாரோ வெள்ளக்காரன். தட்ட வழிச்சுத் தின்னுட்டுப் போறான்."

"சாப்பிட வந்தவன் எதுக்கு போர்ட போட்டோ எடுக்கான்? டாலஸ்ல என் ஃப்ரெண்ட் ரெஸ்டாரன்ட்லயும் ஒருத்தன் இப்படித்தான் வந்தான். மேட்ச் ரைட்ஸ் வச்சிருக்கிறவங்க அனுப்புற ஆளு. அப்புறம் கேஸ் போட்டுட்டாங்க."

"யார் மேல?"

"கடை மேலதான். அக்கவுண்ட் யார் பேர்ல இருந்துச்சோ அவங்களையும் சேத்து இழுத்தாங்க."

ஜீவரத்தினத்தின் கையிலிருந்த தோசைத்திருப்பி கல்லிலேயே நின்றுவிட்டது. கடை போனால் போகட்டும், வெறுங்கையோடு வந்தவனுக்கு இன்னொரு கடை போடத் தெரியும். மகள் பெயர்? கோர்ட்டில் ஏறினால் அந்தக் கமிட்டி கண்ணில் படாமல் போகுமா? இத்தனை வருஷம் படித்த படிப்பைத் தகப்பன் விரல் நீட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டானே.

அன்றே டிவியை அணைத்தார். கேட்டவர்களிடம் ரிப்பேர் என்றார். தபால்காரர் வந்தால் அடுப்படிக்குள் ஒதுங்கினார். தொப்பி போட்ட எவன் வந்தாலும் கையில் போன் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். "டிவிக்கு ரிப்பேரா, உங்களுக்கு ரிப்பேரா?" என்று எலிசா குத்திப் பார்த்தாள். அவர் மாவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீசன் கடைசியில் வரும் பிளேஆஃப் மேட்ச் இருந்த ஞாயிறு அன்று, மத்தியானக் கூட்டம் வடிந்தபின் ஷைனா வந்தாள். காலிக் கடையையும் அணைந்து கிடந்த டிவியையும் பார்த்தாள்.

"இன்னிக்குப் போயி ஆஃப் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று ரிமோட்டை எடுத்தாள்.

அவர் பாய்ந்து பிடுங்கினார். மாவுக் கை அவள் சட்டையெல்லாம் பட்டது. மகளிடமிருந்து ஒரு பொருளை அவர் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. எலிசா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

சொன்னார். நின்றபடியே, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த ஆள்கிட்ட என்ன சொன்னீங்க? வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

"எம் பொண்ணு லாயர், அவ அக்கவுண்ட்டுன்னு சொன்னேன்."

"நான் இன்னும் லாயர் இல்லப்பா," என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் எழுதித் தாரேன் பாப்பா. உனக்கு ஒண்ணும் தெரியாது, நாந்தான் திருட்டுத்தனமாப் போட்டேன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். என்னயத் தூக்கி உள்ள வைக்கட்டும்."

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"ஆப்புல ஹோம் லொகேஷன் மாறியிருக்குன்னு போன மாசமே எனக்கு மெயில் வந்துச்சு. அட்ரஸ் நம்ம கடை. எத்தனை தடவ உங்களுக்கு ஃபோன் பண்ண எடுத்தேன் தெரியுமா? கடை திரும்ப நிறைஞ்சிருக்குன்னு அம்மா சொன்னாங்க. சரி, சீசன் முடியட்டும்னு விட்டுட்டேன்."

தன் தலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றுதானே இத்தனை நாள் மனதைத் தேற்றி வைத்திருந்தார்? இப்போது அதுவும் இல்லை.

"தெரியாதுன்னே சொல்லிரு பாப்பா," என்றார் மெதுவாக. "நமக்குள்ளயே இருக்கட்டும்."

"பேசாம இருங்க," என்றாள் எலிசா.

"கமிட்டி கேக்குறதே அதத்தான்ப்பா, நான் பொய் சொல்ற ஆளா இல்லையான்னு," என்று ஷைனா லேப்டாப்பைத் திறந்தாள். "அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்."

"கேஸே போடாம விட்டுட்டா? வீணா நாமளே போயி மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிராதா?"

"விட்டுட்டாங்கன்னு எப்படித் தெரியும்? அதுவரைக்கும் நானும் உங்கள மாதிரி கதவையே பாத்துட்டு இருக்கணும்."

அவள் கமிட்டிக்கு இங்கிலீஷில் எழுதினாள். அவர் பின்னால் நின்று பார்த்தார். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. தன் பெயர் மட்டும் தெரிந்தது. அதை மேலே போடு, முதலில் போடு என்று கெஞ்சினார். நடந்தது எந்த வரிசையோ அந்த வரிசையில்தான் போட முடியும் என்றாள். எழுதி முடித்து, ஒரு முறை படித்து, அனுப்பிவிட்டாள்.

"பதில் எப்ப வரும்?"

"தெரியாதுப்பா. மாசக்கணக்காகூட ஆகலாம்."

"வேண்டாம்னுட்டா?"

ஷைனா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தன் கடையில் வாடிக்கைக்காரர் நாற்காலியில் ஜீவரத்தினம் உட்கார்ந்தவரே அல்லர். உட்கார்ந்தார். அவள் பிடியை விடவில்லை.