எவன்டி எழுதித் தர்றான்?

'ஷ்யூர் மா. வில் ட்ரை.' ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு என் மகன் நேற்று அனுப்பிய பதில் இது. சென்னையில்தான் வேலை, மூன்று மணி நேர பஸ். அவன் முகத்தைப் பார்த்து ஐந்து மாதமாகிறது. இன்று ஞாயிறு, விடிந்ததிலிருந்து பதினைந்து தடவையாவது போனை எடுத்துப் பார்த்துவிட்டேன். அடுப்பில் நண்டுக் குழம்பு கொதிக்கிறது. அந்த வாசனை வந்தால் எனக்குப் பூங்காவனம் ஞாபகம் வந்துவிடும்.

அது பட்டன் போன் காலம். ப்ளஸ் டூ முடித்த கையோடு பழவேற்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு ரீசார்ஜ் கடையில் வேலைக்கு உட்கார்ந்தேன். எழுதத் தெரியாதவர்களுக்கு மெசேஜ் அடித்துக் கொடுப்பதும் என் தலையில்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்க வேண்டும். அதில் நான் பெரிய மேதாவி என்று நினைப்பு வேறு. இத்தனைக்கும் சுண்ணாம்புக்குளத்தில் நைனா, நைனா என்று கத்திக்கொண்டு வளர்ந்தவள் நான். பொன்னேரிக்குப் படிக்கப் போன முதல் வாரமே கூடப் படித்த பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கே நைனாவை அப்பா ஆக்கிவிட்டேன். ஆனால் ரொம்ப நாள் வரைக்கும் அப்பா என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டார்.

பூங்காவனம் கோட்டைக்குப்பத்துக்காரி, மீன் விற்பவள். போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள், பட்டனெல்லாம் இறால் வாடை அடிக்கும். புருஷன் ஏழுமலை ஏதோ சண்டையில் கோபித்துக்கொண்டு காசிமேட்டுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். பேசினால் கட் பண்ணுகிறான், மெசேஜாவது போடு என்று வந்து நின்றாள். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருமாம். அவள் சொன்னதை அப்படியே அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 'நீங்கள் நலமா? உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறேன்' என்று அழகாகத் திருத்தி அனுப்பினேன். ஒரே வாரத்தில் அந்த மாதிரி மூன்று.

கடைசியில் பதில் வந்தது. 'எவன்டி எழுதித் தர்றான்?'

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு குடித்தனத்தையே கெடுத்துவிட்டோமே என்று பயந்துபோனேன். பூங்காவனம் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"நான் என்னிக்குமா அந்தாள வாங்க போங்கனு கூப்டுக்கிறேன்? நான் சொல்றத மட்டும் அடி."

அடித்தேன். 'யோவ், நண்டுக் கொயம்பு வெச்சிக்கிறேன். வர்றியா, இல்ல ஏரில கொட்டவா?'

மறுநாள் காலை பஸ்ஸில் ஏழுமலை வந்து இறங்கினான். வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கடைக்குள் எட்டிப் பார்த்தான். என்னைத் தவிர யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நடையைக் கட்டினான்.

இப்போது பூங்காவனத்துக்கு யார் தயவும் வேண்டாம். வாய்ஸ் மெசேஜிலேயே வண்டி வண்டியாகத் திட்டுகிறாள், பேரப்பிள்ளைகள் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ரீசார்ஜ் கடை இருந்த இடத்தில் கறிக்கோழி விற்கிறார்கள். நானோ கல்யாணமாகி இதே ஊரில் தங்கி, என் மகன் 'இன்னாமா' என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் உதட்டில் தட்டித் தட்டி 'என்னம்மா' ஆக்கினேன். சமர்த்துப் பிள்ளை, சீக்கிரமே கற்றுக்கொண்டான்.

மணி பத்தாகிவிட்டது. அவன் இப்போது கிளம்பினால்தான் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர முடியும். எனக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்து, யோசிக்காமல் பூங்காவனத்தின் வரியையே அடித்தேன். 'டேய், நண்டுக் கொயம்பு வெச்சிக்கிறேன். வர்றியா, இல்ல ஏரில கொட்டவா?'

உடனே பதில் வந்தது. இந்தத் தடவை தமிழில்.

'அம்மா, உங்க போன் யார்கிட்ட இருக்கு?'

'நான்தான்டா' என்று அடித்தேன். அதுவும் அவனுக்குத் தெரிந்த அம்மா எழுதுகிற மாதிரி இல்லை. அனுப்பாமல் அழித்துவிட்டேன்.