இருமல் வரட்டும் என்று ஜெபித்த சனிக்கிழமை

1998ஆம் ஆண்டு என் மகள் எஸ்தருக்கு இருபத்தேழு வயது. அதற்குள் மூன்று வரன்கள் வந்து, மூன்றும் நின்றுபோயின. மூன்றுக்கும் காரணம் என் இருமல்.

முதலில் வந்தவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. நான் இருமத் தொடங்கியதும் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் யாரிடமோ விசாரித்துவிட்டு, "பொண்ணு வீட்ல டி.பி. இருக்காமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வீட்டார் வருவதாகச் சொன்ன நாளில் வரவே இல்லை. வாங்கி வைத்த இனிப்பை நாங்களே தின்றோம்.

நான் கல்பாக்கம் அணுமின் நிலைய வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஓர் ஆராதனையில் பதினெட்டு முறை இருமினேன் என்றால், அதற்கு எத்தனை தலைகள் திரும்பின என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் பிரசங்கத்தைவிடத் திரும்பிய தலைகளைத்தான் அதிகம் கவனித்தேன்.

எனக்கு டி.பி. கிடையாது. சிறுவயதில் வந்த நிமோனியாவால் இடது நுரையீரலின் அடிப்பகுதி கெட்டுப்போயிற்று. அங்கே மூச்சுக்குழாய்கள் விரிந்து தொளதொளவென்று ஆகிவிட்டன. சளி தானாக மேலே ஏறாது, தேங்கி நிற்கும். செங்கல்பட்டில் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்தார். சளியை மூன்று முறை சோதித்தார். "இது யாருக்கும் ஒட்டாது. முழுசா குணமும் ஆகாது. ஆனா கவனமா இருந்தா வயசாகுற வரைக்கும் இருக்கலாம்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "இருமலை நிறுத்தப் பாக்காதீங்க. உள்ள கெடக்குற சளிய வெளிய தள்றதே அதுதான். கடைல விக்கிற இருமல் அடக்குற மருந்து எதுவும் உங்களுக்கு ஆகாது."

அவர் சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் வெந்நீர் குடிப்பேன். இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து வலப்பக்கமாகப் படுப்பேன். எஸ்தர் உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குவித்து என் இடப்பக்க முதுகில் தட்டுவாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து ஊதுவேன். சளி மெல்ல மேலே ஏறும். அப்போது இருமினால் வந்துவிடும். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். நாங்கள் அப்போது புதுப்பட்டினத்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டில் மீன் விற்கும் அம்மா தன் மருமகளை எழுப்புவது என் அறைவரை வரும்: "சாரு இருமி முட்ச்சிட்டாரு, இன்னும் தூங்கிகினு கீறியே, எயுந்திரு!"

அவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கோ என் பெண்ணின் வாழ்க்கை.

ஜூன் மாதத்தில் நான்காவது வரன் வந்தது. பையன் பெயர் சாமுவேல். அணுபுரத்தில் குடியிருந்த டெக்னீஷியன். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும் செங்கல்பட்டில் இருந்தார்கள். விசுவாசக் குடும்பம். ஒரு சனிக்கிழமை காலை பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று.

"ஏங்க, முதல்லயே சொல்லிருவோம்" என்றாள் என் மனைவி மேரி. "ஒட்டாத நோய்னு டாக்டரே சொல்லியிருக்காரு. எதுக்கு ஒளிக்கணும்?"

"முதல்ல பொண்ணைப் பாக்கட்டும். பிடிச்சுப்போச்சுன்னா அப்புறம் சொல்லலாம்" என்றேன். மூன்று முறை அடிபட்டவனுக்கு அதுதான் தோன்றியது.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயாவிடம் ஒரே ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். அவர்கள் வந்திருக்கும் இரண்டு மணி நேரம் எனக்கு இருமல் வரக்கூடாது. அவ்வளவுதான். எல்லோரும் கைகோத்து ஜெபித்தார்கள். அது போதாது என்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்து உபவாசம் இருந்தேன். நம்மில் பலர் செய்வதுபோல, தண்ணீர்கூடத் தொடாத உபவாசம். வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு நன்றாக இருக்கட்டும் என்று ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்திருந்தோம். அந்த வாடை வேறு. கடைசியில், மருத்துவர் வேண்டாம் என்ற அதே மருந்தையும் கடையில் வாங்கி, மூடி அளவுக்கு இரண்டு மடங்கு குடித்தேன். ஜெபத்தோடு இதுவும் இருக்கட்டுமே என்ற நினைப்பு.

சனிக்கிழமை காலை எஸ்தர் தலையணைகளோடு வந்து நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. முகம் வீங்கிரும், கண்ணு சிவந்துரும். நீ போய் பூ வை."

"தட்டாம விட்டா அடைச்சுக்கும்ப்பா."

"இன்னைக்கு ஆண்டவர் பாத்துக்குவாரு."

"அவரு பாத்துக்குவாரு, சரி. ஒரு டம்ளர் வெந்நீராவது குடிங்க."

"உபவாசம்" என்றேன். அவள் தலையணைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பது பேர் என்றார்கள், பதினொரு பேர் வந்தார்கள். இரண்டு நாற்காலி குறைந்தது. அந்தப் பதற்றத்திலும் எனக்கு இருமல் வரவில்லை. நெஞ்சில் அசைவே இல்லை. மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் மருந்தின் மயக்கத்தில் நாக்கு தடித்திருந்தது. பேசினால் எங்கே இருமல் வந்துவிடுமோ என்று வாயையும் திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன்.

பையனின் தாய்மாமன் சொந்தமாக வேன் ஓட்டுபவர். கலகலப்பானவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, வாயே தொறக்க மாட்றீங்க? எங்ககூட டூ வுட்டுகினீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் புன்னகை மட்டும் செய்தேன்.

"எங்க அக்கா புள்ளயும் பேசமாட்டான், நீங்களும் பேசமாட்றீங்க. ரெண்டு பேரும் ஒரு வூட்ல குந்திகினா கரண்டு போன வூடு மாரி இருக்கும். நல்லா ஜோடி சேந்தீங்க!"

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான். அடியில் கிடந்த ஏதோ ஒன்று பெயர்ந்து மேலே வந்து, தொண்டைக்குக் கீழே குறுக்காக நின்றது. மூச்சை இழுத்தேன். உள்ளே போகவில்லை. இருமப் பார்த்தேன். இருமலும் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்காமல் வந்த இருமல், தேவைப்பட்ட ஒரு நேரத்தில் வரவில்லை.

சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பற்கள் தெரிந்தன, எனக்குச் சத்தம் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டே இருப்பவனுக்கு அப்போது எந்த எண்ணும் நினைவில் இல்லை. பயம் மட்டும் இருந்தது. "ஆண்டவரே, நான் கேட்டது வேண்டாம். இருமலைக் கொடும். இத்தனை பேர் முன்னாலும் பரவாயில்லை, கொடும்." இவ்வளவுதான் என் ஜெபம். உதடு அசைந்ததா என்றுகூடத் தெரியாது.

அந்த நொடியில் எஸ்தர் காபித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டை முன்னால் உட்கார்ந்திருந்தவர் மடியில் அப்படியே வைத்தாள். அவர்தான் மாப்பிள்ளை. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைச் சோபாவின் கைப்பிடிமேல் தலைகீழாகச் சாய்த்துத் தட்டத் தொடங்கினாள்.

"சம்பந்தி! யோவ், இன்னாய்யா ஆச்சு?" என்று மாமன் எழுந்தார்.

"ஊதுங்கப்பா. வர்ற அளவுக்கு ஊதுங்க. பயப்படாதீங்க."

நூலளவு மூச்சு உள்ளே போயிற்று. ஊதினேன். மறுபடி நூலளவு. மறுபடி ஊதினேன். பிறகு வந்தது. வீடே அதிரும்படி இருமல் வந்தது. பச்சையும் மஞ்சளுமாய்க் கெட்டியான சளி விழுந்தது. அதில் ரத்தமும் இருந்தது.

வந்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "ஐயோ, டி.பி.யா கீது! புள்ளைங்கள வெளிய இட்டுகினு போங்க!"

எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை. "டி.பி. இல்ல. மூணு தடவ டெஸ்ட் பண்ணியாச்சு. கொஞ்சம் நகருங்க, காத்து வரட்டும்" என்றாள்.

"மாமா, வண்டிய எடு" என்று ஒரு குரல் கேட்டது. அன்று காலை சாமுவேல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவர்கள் வந்த வேனிலேயே என்னைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு இன்னும் சரியாக ஓடவில்லை, நெஞ்சில் விசில் அடித்தது. மாமன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "சம்பந்தி, மூச்ச வுட்டுகினே இருங்க. வண்டில மட்டும் ஒண்ணும் ஆயிடாதீங்க, நைனா. எனக்கு பர்மிட்டு பேஜாராயிடும்." ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆக்சிஜன் வைத்தார்கள். ஊசி, சலைன். மருத்துவர் என்னை அல்ல, மேரியைத் திட்டினார். தண்ணீர் குடிக்காததால் சளி பசையாக இறுகிவிட்டது, மருந்து இருமலை முடக்கிவிட்டது, பெயிண்ட் வாடை குழாய்களைச் சுருக்கிவிட்டது, எல்லாம் சேர்ந்து இவர் போயிருக்க வேண்டியவர் என்றார். மேரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் திட்டே மேல்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. திங்கள் காலையும் இல்லை. மருத்துவமனைக் கட்டிலிலேயே எஸ்தர் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என் உயிரைத் திருப்பிக் கொடுத்த ஆண்டவரிடம் இன்னொன்று கேட்க வாயும் வரவில்லை.

திங்கள் மத்தியானம் சாமுவேலின் அம்மா மகனோடு வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எத்தினி வருசமா இந்த இருமலு?"

"சின்ன வயசிலேர்ந்து."

"அப்போ ஏன் எங்ககிட்ட சொல்லல?"

நான் மேரியைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "ஒட்டுமா ஒட்டாதான்னு டாக்டரு வாயால நான் கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க." எழுந்து மருத்துவரைத் தேடிப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் விட்ட மூச்சு எதுவும் என்னுடையதாக இல்லை. சாமுவேல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஸ்தர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா திரும்பி வந்தார். மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒட்டாதாம்" என்றார். பிறகு மகனைக் காட்டினார். "காபித் தட்ட இவன் மடில வெச்சிச்சே உங்க பொண்ணு, அப்பவே இவன் வுயுந்துட்டான். நான்தான் டாக்டரக் கேக்காம முடியாதுன்னேன். ஆனா ஒண்ணு சம்பந்தி. எங்க வூட்டுக்கு வந்தா நல்லா இருமிட்டு அப்பறம் பேசுங்க. பேசாம குந்திகினு இருக்காதீங்க. பயமா கீது."

மேரி அழுதுவிட்டாள். நானும்தான். அழுததில் இருமல் வந்தது. யாரும் நகரவில்லை.

செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. எஸ்தரைக் கைபிடித்து அழைத்துப் போனேன். உடன்படிக்கை சொல்லும் நேரத்தில் எனக்கு இருமல் வந்தது. போதகர் ஐயா புத்தகத்தை மூடாமல் காத்திருந்தார். சபை முழுவதும் காத்திருந்தது. மாமன் மட்டும் பின்னாலிருந்து, "அவரு முட்ச்சப்பறம் சொல்லுங்க ஐயா" என்றார். திரும்பிய தலைகளை அன்று நான் எண்ணவில்லை.

இதை எழுதும் இப்போது 2007. இன்றும் இருமுகிறேன். குணமாகவில்லையே, இது என்ன சாட்சி என்று உங்களில் சிலர் கேட்கலாம். என் நோய் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் கேட்டபடியே இருமல் அடங்கியிருந்தால் அன்று அந்தச் சோபாவில் என் கதை முடிந்திருக்கும். ஆண்டவர் இருமலைத் திருப்பிக் கொடுத்தார். மூச்சையும் மருமகனையும் சேர்த்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த மருந்தை நான் தொடவில்லை. உபவாசம் இருந்தாலும் தண்ணீர் குடிக்கிறேன், ஜெபம் அதனால் குறைந்துபோகவில்லை. ஊதுபத்தி, கொசுவத்திப் புகைக்கு விலகி இருக்கிறேன். சளியின் நிறம் மாறினாலோ, ரத்தம் கண்டாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போகிறேன். தினமும் மேரி தட்டுகிறாள். ஞாயிறு மாலையில் மருமகன் வந்து தட்டுவார். அவர் கை கொஞ்சம் பலம். கல் உடைக்கிற மாதிரி இருக்கிறது என்று முறையிட்டிருக்கிறேன், கேட்பதில்லை.

உங்களில் யாருக்காவது விடாத இருமல் இருக்கலாம். வெட்கத்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். முதலில் மருத்துவரிடம் போய் அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். அடக்கித் தாரும் என்று கேட்காதீர்கள். எது நல்லதோ அதைத் தாரும் என்று அவர் கையில் விடுங்கள். அவர் பார்த்துக்கொள்வார் என்று எழுத இன்று எனக்குத் தயக்கமே இல்லை.

ஆராதனையில் நான் இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் இருப்பேன். தேட வேண்டியதில்லை, சத்தம் கேட்கும். வந்து பக்கத்தில் உட்காருங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கும். இரண்டு டம்ளர் கொண்டுவருகிறேன்.