'நீ யார்?' என்ற பாட்டுக்கு நான் எழுதிய விடை

முதல் உலகப் போருக்கு நான்கு ஆண்டு முன்பு, பாளையங்கோட்டைப் பள்ளியில் எங்கள் வகுப்பில் இருபத்துமூன்று பேர். 'நீ யார்?' என்று கேட்கும் பதினாறு வரிப் பாட்டைப் படித்து, அவரவர் மனத்தில் பட்டதை எழுதச் சொன்னார் தமிழாசிரியர்.

ஆசிரியர் வெளியே போயிருந்தார். நான் தாள்களைச் சேர்க்கும்போது காயல்பட்டினத்துக் காசிமின் தாளைப் பார்த்தேன். இலங்கையில் வியாபாரம் செய்த அவன் வாப்பா ஐந்து ஆண்டு கழித்து வந்து, அவனைக் காட்டி, "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று உம்மாவிடம் கேட்டாராம்.

அதை உரக்கப் படித்தேன். வகுப்பே சிரித்தது.

"ஏலே காசிமு, நீ யாரு வீட்டுப் புள்ளலே?" என்றான் ஒருவன். காசிம் தலை குனிந்தான்.

வாசலில் ஆசிரியர் பிரம்போடு நின்றிருந்தார். "அவன் தாள உன்னை யாருலே படிக்கச் சொன்னது?" என்று என்னைக் கேட்டார். நான் அதைத் தாள்கட்டுக்குள் செருகினேன்.

காசிம் எழுந்தான். "நாந்தான் ஐயா படிக்கச் சொன்னேன்."

ஆசிரியர் பிரம்பை மேசையில் வைத்தார். நான் எழுதியிருந்த மூன்று பக்கங்களையும் தாள்கட்டிலிருந்து நானே உருவி, குறுக்கே கோடு போட்டு, 'ஒருவன் அழுது எழுதியதைப் படித்துச் சிரிக்கவைத்தவன் நான்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியரிடம் கொடுத்தேனே தவிர, அதைக் காசிமிடம் சொல்லவில்லை. எனக்கு இப்போது எழுபத்தொரு வயதாகிறது. அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் இரண்டு ஆண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.