வாசலுக்கு வெளியே வைத்த பூக்கள்

1. திறப்பும் நிபந்தனையும்

பாடசாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே, அயலிலுள்ள பிள்ளைகளுக்குக் கைப்பணிப் பட்டறை நடத்த இடம் தேடத் தொடங்கினேன். திருகோணமலை நகரத்தில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. ஆனால், பிள்ளைகள் பசை கொட்டுவார்கள், தரையில் வர்ணம் ஊற்றுவார்கள் என்றவுடன் எல்லா மண்டபமும் கலியாணத்துக்குப் பதிவாகிவிடும். கடைசியில் இடம் தந்தவர் எங்கள் பிள்ளையார் கோயிலின் பரிபாலன சபைத் தலைவர் கனகசபை ஐயா. கோயிலுக்கு எதிரே, வீதிக்கு மறுபக்கம், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அன்னதான மண்டபம் அது.

மண்டபப் பூட்டின் திறப்பை என் கையில் வைக்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"ரீச்சர், பசை கொட்டினால் கழுவலாம். சுவரில கீறினால் பூசலாம். மச்சம் மட்டும், மீனோ இறைச்சியோ, இந்த வாசலைத் தாண்டப்படாது. இது சுவாமிக்குப் படைக்கிற சோறு சமைக்கிற இடம். பிள்ளையளின்ர சாப்பாட்டுப் பெட்டியையும் பாருங்கோ. ஒருக்கால் பிழைச்சாலும் திறப்பு என்ர கைக்கு வரவேணும்."

"அதில பிழை வராது, ஐயா" என்றேன். மச்சம் சமையாத வீட்டில் பிறந்து, மச்சம் சமையாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். அந்த நிபந்தனையை என்னைவிட நன்றாகக் காக்கக்கூடியவர் ஊரில் இல்லை என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை தோறும் காலையில் பட்டறை. நானோ விடியலில் பதிகம் பாடாமல் ஒரு வேலையைத் தொடங்கி அறியாதவள். ஆனால் வருகின்ற பிள்ளைகளில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். ஆகவே பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, பட்டறையைச் சிறிது நேர மௌனத்தோடு தொடங்கினேன். அவரவர் தெய்வத்தை அவரவர் நினைக்கட்டும். அந்த மௌனத்தில் துறைமுகத்துக் கப்பல் ஊதினால் எல்லாரும் சிரித்துவிடுவார்கள். அதையும் வழிபாட்டின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டேன்.

புதிதாகப் பட்டறை நடத்த வருவோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பைண்டர் கம் பசையைப் போத்தலோடு கொடுக்காதீர்கள். யோகட் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். பிரிஸ்டல் போர்ட் அட்டையை நீங்களே வெட்டி வையுங்கள். கத்தரிக்கோலை இருவருக்கு ஒன்றாகக் கொடுங்கள். கேட்டு வாங்கும்போதுதான் பிள்ளைகள் ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்குவார்கள்.

2. சந்தையிலிருந்து வந்த பிள்ளை

நஸார் கிண்ணியாவைச் சேர்ந்தவர். நகரத்து மீன் சந்தையில் மீன் வெட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். ஒரு சனிக்கிழமை தன் மோட்டார்சைக்கிளை வீதி மூலையில் நிறுத்திவிட்டு, அங்கிருந்தே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பின்னால் அவருடைய மகள் ஸஹானா நின்றாள். பத்து வயதிருக்கும்.

"ரீச்சர், புள்ளைட உம்மா கட்டார்ல வேல செய்றா. சனிக்கிழமையில ஊட்டுல பார்க்க ஆளில்ல. என்னோட சந்தைக்குத்தான் கூட்டி வாறன். மீன் வெட்டுற பலகைக்குப் பக்கத்துல எவ்வளவு நேரம்தான் குந்தியிருப்பா? இஞ்ச ஒரு மூலை குடுத்தா போதும்."

"மூலை என்னத்துக்கு? மேசையே இருக்கு. உள்ளுக்கு வாங்கோவன்."

"நான் வேணாம் ரீச்சர். நான் சந்தை உடுப்போட நிக்கிறன். நான் வந்தா புள்ளைக்குத்தான் குறைச்சல்."

அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூலையிலேயே மகளை இறக்கிவிட்டுப் போவார். அந்த மூலையைத் தாண்டி அவர் வந்ததே இல்லை.

ஆனால் வாசனைக்கு மூலை தெரியாது. முதல் நாளே, பட்டறைப் பிள்ளைகளில் ஒருவனான தர்ஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்: "ரீச்சர், சந்தை வந்திட்டுது!"

ஸஹானா தலை நிமிர்ந்தாள். "சந்தைக்கு வந்தா காசோட வரணும். சும்மா மணந்துட்டுப் போறவனுக்கு நாங்க மீன் வெட்ட மாட்டம்."

மண்டபமே சிரித்தது. தர்ஷனும் சிரித்தான். அவனையும் அவளையும் ஒரே கத்தரிக்கோலுக்குச் சோடியாக்கினேன். வாய்க்கு வாய் கொடுத்த பிள்ளைதான். ஆயினும் வேலை செய்யாத நேரத்தில் அவள் தன் கைகளை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்ததைக் கண்டேன். பல வாரங்கள் சென்ற பின்னரே அந்தக் கைகள் மேசைக்கு மேலே வந்தன. அப்போதுதான் அவள் இந்த இடத்தைத் தன்னுடையதாக நினைக்கிறாள் என்று அறிந்தேன். இங்கே அவளுக்கு இடமில்லாமற் போனால், மறுபடியும் அந்த மீன் பலகையின் பக்கம்தான் அவளுக்கு இடம்.

3. வீட்டில் கழிக்கும் பொருள்

ஆண்டிறுதிக் கண்காட்சிக்குப் பூக்கள் என்று முடிவு செய்தேன். எங்கள் அடியார்கள் பூவை ஏந்தாமல் தெய்வத்தை அணுகியதில்லை. காட்டுப் பூவும் பச்சிலையும்கூட அவர்களுக்குப் போதுமாயிருந்தன. அந்த நினைவிலேயே பிள்ளைகளிடம், "கடையில ஒண்டும் வாங்கப்படாது. உங்கட வீட்டில கழிச்சுப் போடுற பொருளில பூச் செய்யவேணும்" என்றேன்.

அடுத்த வாரம் மேசையெல்லாம் குப்பை. ஆனால் அழகான குப்பை. அபிராமி வெங்காயத் தோல் கொண்டுவந்தாள். தர்ஷன் சோளப் பொத்தியின் மேலுறையை உரித்துக் கொண்டுவந்தான். வேறொருத்தி தையற்கடைத் துண்டுகள் கொண்டுவந்தாள். ஸஹானா ஒரு பால்மா தகரத்தைத் திறந்து கவிழ்த்தாள்.

சலசலவென்று ஒரு சத்தம். ஒளி ஊடுருவும் மெல்லிய இதழ்கள், நகத்தளவிலிருந்து பெருவிரல் அளவு வரை. சில பீட்ரூட் சாயத்தில் ஊறி இளஞ்சிவப்பாக இருந்தன. சில மஞ்சளில் ஊறியிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் குத்திய துளை.

"என்ன பிள்ளை இது? மைக்காத் தகடோ?" என்று கேட்டேன்.

அவள் தர்ஷனைப் பார்த்தாள். தர்ஷன் அபிராமியைப் பார்த்தான்.

"ஊட்டுல கழிக்கிறது ரீச்சர்" என்றாள் ஸஹானா.

"நீங்கள் சொன்னதுதானே ரீச்சர், கழிக்கிற பொருள்" என்றான் தர்ஷன், மிக அவசரமாக.

நான் ஓர் இதழை முகர்ந்தும் பார்த்தேன். தேசிக்காய் மணந்தது. "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். துறைமுகப் பட்டினத்திலே இத்தனை வயது வாழ்ந்தவளுக்கு அது என்னவென்று தெரியவில்லை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் சந்தையில் மீன் பக்கத்துக்கு நான் போனதே இல்லை.

சின்ன இதழை நடுவிலும் பெரிய இதழை வெளியிலும் வைத்து, பைண்டிங் வயரில் கோத்து, குறட்டால் முறுக்கி, அவள் ஒரு தாமரை செய்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று அந்த முறுக்கைப் பழகினார்கள். மூக்கைப் பொத்தியவன்தான் முதலில் பழகினான்.

4. கனகசபை ஐயாவின் கையில்

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை. மண்டபத்தில் மேசைகளை வரிசையாகப் போட்டு, பூக்களை வைத்துக்கொண்டிருந்தோம். விளக்கேற்றும் நேரத்துக்கு முன் ஒருமுறை பார்த்துப் போகலாம் என்று கனகசபை ஐயா வந்தார். வெங்காயத் தோலைப் பார்த்துத் தலையசைத்தார். சோள உறையைத் தட்டிப் பார்த்தார். ஸஹானாவின் தாமரையிடம் வந்ததும் நின்றுவிட்டார். அதைக் கையிலெடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். சாய்ந்த வெயில் இதழுக்குள் புகுந்து, அவருடைய முகத்திலும் இளஞ்சிவப்பு விழுந்தது.

"ரீச்சர், இது ஆரின்ர கைவேலை?"

"இவ, ஸஹானா."

"பிள்ளை, இந்தத் தாமரையை எனக்குத் தருவியோ? நாளைக்குப் பிள்ளையாருக்குப் பின்னால கட்டுற திரையில நடுவில குத்துவம். உன்ர பேரையும் சொல்லுவன்."

எனக்கு உள்ளம் குளிர்ந்தது. பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அபிராமி வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.

"வேணாம், ஐயா" என்றாள் ஸஹானா.

"ஏன், தர விருப்பமில்லையோ?"

"விருப்பம்தான். ஆனா உங்கட சாமிக்கு ஆகாது." அவளுடைய கைகள் மேசைக்கு அடியில் போய்விட்டன. "அது கொடுவா மீன்ட செதில்."

ஐயா பூவை எறியவில்லை. எடுத்த இடத்திலேயே, இதழ் கலையாமல், மெதுவாக வைத்தார். பிறகு வெளியே குழாயடிக்குப் போய், முழங்கை வரை கழுவினார். தண்ணீர் விழும் சத்தம் உள்ளே கேட்டது. ஸஹானா தகரத்தை எடுத்துத் தன் பூக்களை ஒவ்வொன்றாக உள்ளே போடத் தொடங்கினாள். எவரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சொல்லுமுன்பே எழும்பிவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள். தர்ஷன் தன் சோள உறைப் பூக்களையும் மேசையிலிருந்து எடுத்தான்.

"நீ ஏன்ரா எடுக்கிறாய்?" என்றேன்.

"அவளின்ர இல்லாட்டி என்ரையும் இல்லை."

ஐயா ஈரக்கையோடு திரும்பி வந்து கதிரையில் இருந்தார். "இது செதில் எண்டு உங்களுக்கெல்லாம் தெரியுமோ?"

"ஓம், ஐயா."

"எப்ப தொட்டு?"

"தகரத்தைத் திறந்த நாளே" என்றாள் அபிராமி. "நாங்கள் மீன் தின்னுற ஆக்கள்தானே."

"ரீச்சருக்கு?"

"ரீச்சருக்கு மட்டும் தெரியாது. ரீச்சர் மணந்தும் பார்த்தவ."

அந்த நிலையிலும் இரண்டு பிள்ளைகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் குனிந்தார்கள்.

"ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னா அவள் வரேலாதெல்லோ" என்றான் தர்ஷன்.

நான் இடுப்பிலிருந்து திறப்பை எடுத்து அவர் முன் நீட்டினேன். நிபந்தனை நிபந்தனைதான். அவர் அதை வாங்கவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஸஹானாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா" என்றாள் அவள். "சாம்பலும் தேசிக்காயும் போட்டு நல்லாக் கழுவித்தான் காயவெச்ச. மணக்காது."

"மணக்கேல்லை, பிள்ளை. மணத்துக்காகக் கழுவேல்லை. நான் இனிப் போய் விளக்கேத்த வேணும்."

அவள் குழாயடிப் பக்கம் பார்த்தாள். "எங்கட வாப்பாவும் தொழப் போகக்குள்ள அப்பிடித்தான் கழுவுவார்."

"அப்ப உனக்கு விளங்கும்" என்றார் ஐயா. அவருடைய குரல் அப்போதுதான் இளகியது. "மச்சம் இந்த வாசலைத் தாண்டப்படாது. அது மாறாது. என்னால மாத்தவும் ஏலாது." பிறகு எழுந்தார். "தம்பி, அந்த மேசையின்ர மற்றப் பக்கத்தைப் பிடி."

"எந்த மேசை, ஐயா?"

"எல்லா மேசையும்தான். வெளியால, வீதி ஓரத்தில வையுங்கோ."

"முழுக் கண்காட்சியுமோ?" என்றேன்.

"பின்னை? ஒரு பிள்ளையை வெளியில விட்டிட்டு, உள்ளுக்கு இருந்து நாங்கள் ஆருக்கு என்னத்தைக் காட்டுறது? திருவிழா எண்டால் சுவாமியே வீதிக்கு எழுந்தருளுறார். உங்கட வெங்காயத் தோலுக்கு என்ன மரியாதைக் குறைச்சல்?"

எத்தனை வருடமாகச் சுவாமி வீதியுலா வருவதைக் கைகூப்பிப் பார்த்து நின்றிருக்கிறேன்! உள்ளே வர இயலாதவருக்காகவே அந்த உலா என்று பிறருக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் மேசையைத் தூக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

தூக்குவதும் எளிதாக இருக்கவில்லை. மேசைகள் மண்டபத்துக்குள்ளே வைத்துக் கால் பூட்டப்பட்டவை, கதவைவிட அகலமானவை. கால்களைக் கழற்றி, பலகையைச் சரித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். ஐயாவின் வேட்டியில் வர்ணம் பட்டது. அன்று விளக்கேற்றச் சற்றுத் தாமதமாயிற்று.

5. வீதியோரம்

மறுநாள் காலை வேப்பமர நிழலில் கண்காட்சி நடந்தது. மண்டபத்துக்குள் வைத்திருந்தால் வரக்கூடியவர்கள் பெற்றோர் மட்டுமே. வீதியில் வைத்ததால் ஓட்டோக்காரர்கள் நின்றார்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்றார்கள், கோயிலுக்கு வந்தவர்களும் நின்றார்கள். "இது என்னத்தில செய்தது?" என்று ஸஹானாவிடம் கேட்டவர்களுக்கெல்லாம், "கொடுவாச் செதில்" என்று அவளே உரக்கச் சொன்னாள். கைகள் மேசைக்கு மேலே இருந்தன.

சந்தை முடிந்து நஸார் வந்தார். வழமைபோல் மூலையிலேயே மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் மகளின் மேசை தெரிந்தது. இடையில் வாசல் ஒன்றும் இல்லை. தயங்கித் தயங்கி நடந்து, செதில் ஒட்டிய இடுப்புச் சாரத்தோடே அந்த மேசையின் முன் வந்து நின்றார். தினமும் தன் கத்தியிலிருந்து சிதறுகிற பொருளை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போல் குனிந்து பார்த்தார்.

"இது எண்ட பலகையில கிடந்ததா, மகள்?"

"ஓம், வாப்பா. நீங்க தட்டிவிட்டதுதான்."

அவர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து நகரத்து வீதிகளில் திரியும் மான்களில் ஒன்று மரத்தின் பின்னாலிருந்து வந்தது. எங்கள் ஊர் மான்களுக்கு மனிதப் பயம் கிடையாது. தர்ஷனின் சோள உறைப் பூங்கொத்தை வாயில் கவ்வியது. அவன் கத்திக்கொண்டு ஓடிவருமுன் பாதியைத் தின்றுவிட்டது. அடுத்து ஸஹானாவின் தாமரையை முகர்ந்தது. தும்மிவிட்டு விலகிப் போனது.

"ரீச்சர்!" என்றார் நஸார். "மானும் உங்கட ஆக்கள்தான், சைவம்!"

முதலில் சிரித்தவர் கனகசபை ஐயா. "என்னைவிடச் சுத்த சைவம். நான் தொட்டல்லோ பார்த்தனான்" என்றார். பிறகு நஸாருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

திறப்பு இன்றும் என்னிடமே இருக்கிறது. நிபந்தனையும் அப்படியே இருக்கிறது. செதில் வேலை வரும் சனிக்கிழமைகளில் வேப்பமரத்தடியில் பட்டறை நடக்கிறது. அந்த நாட்களில் நஸார் மூலையில் நிற்பதில்லை, மரத்தடிக்கே வருகிறார்.

ஆகவே, புதிதாகப் பட்டறை தொடங்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இடம் பார்க்கப் போகும்போது வெளிச்சத்தைப் பாருங்கள், தண்ணீர்க் குழாயைப் பாருங்கள், இடம் தருபவரின் நிபந்தனையைக் கேட்டு அதை மதியுங்கள். பிறகு ஒரு நாடா எடுத்துக் கதவையும் மேசையையும் அளந்து பாருங்கள். ஒரு நாள் அந்த மேசை வெளியே வரவேண்டியிருக்கும்.