அப்பாவின் கம்ப்யூட்டரும் தம்பி மனைவியும்

என் அப்பா வீட்டு பிளான் வரைகிறவர். விழுப்புரத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கோலியனூர் பக்கத்திலிருந்து ஆட்கள் அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். பென்சிலும் ஸ்கேலுமாக இருந்தவரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியவள் நான். மவுஸைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகும், திரையில் ஒரு கோடு காணாமல் போனால்கூட எனக்குத்தான் போன் வரும்.

"ஜல்தி சொல்லும்மா, ஆளு எதுர்ல உக்காந்துக்கினு இருக்காரு" என்பார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் என் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவருக்குச் சொல்வேன். வாயால் அலுத்துக்கொள்வேன். ஆனால் இரண்டு நாள் போன் வராவிட்டால் எனக்கே என்னவோ போலிருக்கும்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது அவருடைய கம்ப்யூட்டரில் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். பழையதற்கு இனிமேல் அப்டேட் வராது என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. ஏற்றி முடித்து, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன்.

கொஞ்ச நாளில் அப்பா கூப்பிட்டார். "பேஜாரா போச்சும்மா. சுச்சியப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் அப்படியே சுத்திக்கினு இருக்குது."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

அதன் பிறகு போனே வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதை அவ பாத்துக்கினு இருக்காம்மா. நீ ஒன் வேலையப் பாரு" என்றார்.

அவ என்றால் தம்பியின் மனைவி. போன ஆவணியில் கல்யாணமாகி வந்தவள். வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள். அப்பா வரச் சொல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகராமல் நின்றபோது, அவள் அதைச் சரி செய்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவே செய்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பாவின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்பா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்து உரித்து அவள் கைக்கு எட்டும்படி தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மல்லாட்டை உரித்துக் கொடுத்ததாக ஞாபகமே இல்லை.

"வாங்கக்கா" என்று அவள் எழுந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தேன். சின்ன வயதில் அப்பா என்னைக் கூப்பிட்ட செல்லப்பெயர்தான் பாஸ்வேர்டு. தவறு என்றது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு.

"மாத்திட்டோம்மா. அது ரொம்ப லேசா இருக்குது, யார் வேணும்னாலும் கண்டுபுடிச்சிடுவாங்கன்னு சொன்னா" என்றார் அப்பா.

அவள் என் தோளுக்கு மேல் குனிந்து புதியதை அடித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் தவழ்ந்து தவழ்ந்து திறந்தது. தேவையில்லாமல் தானாக ஓடுகிற புரோகிராம்களை அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள். அப்படியும் ஒன்றைத் தொட்டால் அது திறப்பதற்குள் கை மரத்துப்போனது.

"ரேம் பத்தலைன்னு நெனைக்கிறேன்க்கா. இன்னொண்ணு போட்டா சரியாயிடும்."

எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். "ரேம் பாதிதான் ஓடுது. டிஸ்க்கைப் பாரு, நூறுலயே நிக்குது" என்றேன். "பழைய ஹார்ட் டிஸ்க்கால புது சிஸ்டத்துக்கு ஈடு குடுக்க முடியல. அதைத் தூக்கிட்டு எஸ்.எஸ்.டி.ன்னு வேகமான டிஸ்க் வருது, அதைப் போடணும்."

"டிஸ்க்கை மாத்துனா அப்பாவோட பிளானெல்லாம் என்னாவும்?"

மாமா என்று கூப்பிடுவதையே அவள் பழகிக்கொள்ளவில்லை. வந்த முதல் வாரத்திலிருந்தே அப்பாதான். பிளான் போய்விடும் என்ற பேச்சு காதில் விழுந்ததும் அப்பா மிரண்டுவிட்டார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதல்ல அவ சொல்றத செஞ்சி பாத்துடலாம்மா" என்றார் என்னிடம்.

தம்பி கடைக்குப் போய் ரேம் வாங்கி வந்தான். அவளே பெட்டியைத் திறந்து மாட்டினாள். ஆன் செய்தார்கள். கம்ப்யூட்டர் முன்பு போலவே சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முகத்தில் தெரிந்துவிடுமோ என்று சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தேன். பின்னாலேயே அவள் வந்தாள்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. நீங்க சொன்னதுதான் கரெக்ட். வாங்க, டிஸ்க்கை மாத்திடலாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

தப்பு என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த வீட்டில் என்னால் அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்பதால்தான் அப்பாவிடம் எனக்கு மதிப்பு என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் தப்பாகச் சொன்னாள், அப்பா செய்தார், பலிக்கவில்லை. அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அன்று நான் பார்த்ததிலெல்லாம் எனக்கு அதிகமாக எரிந்தது அதுதான்.

தம்பி மறுபடி கடைக்குப் போனான். முதலில் பிளான்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து அப்பாவின் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையை அடிக்கடி தொட்டுப் பார்த்தார். பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே புதியதற்கு மாற்றச் சாயங்காலம் வரை ஆனது. கடைசியாக அவள் போனில் டார்ச் அடிக்க, நான் ஸ்குரூவை முடுக்கினேன்.

சுவிட்சைப் போட்டதும் திறந்துவிட்டது.

"டப்புன்னு வந்துட்ச்சே!" என்று அப்பா கையைத் தட்டினார். கோலியனூர்க்காரர் ஒருவரின் வீட்டு பிளானைத் திறந்து, பெரிதாக்கியும் சின்னதாக்கியும் பார்த்தார். "ரெண்டு பேரும் கெட்டிக்காரிங்கதான்" என்றார். அந்த 'ரெண்டு பேரும்' எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. அதனால் அப்பாவின் போனும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை, சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல் விழுப்புரம் போய் நின்றேன்.

"என்னம்மா திடீர்னு?" என்றார்.

"சும்மாதாம்ப்பா."

அவர் வரைந்துகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மனையின் அளவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா கேட்டார்.

"படிக்கட்டு இங்க வந்தா தலை இடிக்குமா, பாரு?"

நானும் குனிந்தேன், அவளும் குனிந்தாள்.

"இடிக்கும்ப்பா" என்று அவள் முந்திக்கொண்டாள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.